அக்காவின் வீட்டில் வாடகைக்கு

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுவது பெண்பிள்ளைக்காக. ஆண்பிள்ளை எங்கே போய் இருப்பான் என்று யாரும் கேட்பதில்லை. அவன் கலியாணம் முடித்துப் போகிற இடத்தில் ஒரு வீடு இருக்கும். ஆகவே மட்டக்களப்பில் ஒரு கல்வீடு வாடகைக்குக் கிடைக்கிறது என்றால், பெரும்பாலும் அது இன்னும் கலியாணம் ஆகாத யாரோ ஒரு பெண்ணின் சீதன வீடாகத்தான் இருக்கும். நாவற்குடாவில் நாங்கள் குடியிருந்ததும் அப்படி ஒரு வீட்டில்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்கு டவுனில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை ஒன்றில் வேலை. வவுணதீவிலிருந்து தினமும் பாலம் கடந்து வந்து போக முடியாது என்றும், என்னை ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்றும் சொல்லி, நாங்கள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருந்தோம். டவுனுக்குள் வாடகை எங்களுக்குக் கட்டாது. அதனால் டவுனைச் சுற்றிச் சுற்றி அலைந்தோம். ஊறணியில் ஒரு அறை. கல்லடியில் ஒரு வீட்டின் பின்பக்கம். பிறகு இன்னொரு வீடு. அந்த வீட்டுக்காரர்களின் மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்ததும் இரண்டு கிழமைக்குள் எழும்பச் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் எங்கள் சாமான்கள் எல்லாம் சின்ன லொறி ஒன்றின் பின்னால் ஏறிப் பகிரங்கமாகத் தெருவில் போகும். ஓட்டை விழுந்த எங்கள் மெத்தையை என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் எனக்கு அந்த வயதில் இருந்த மிகப் பெரிய பயம்.

நாவற்குடா வீடு பிரதான வீதியிலிருந்து வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. இரண்டு அறை, ஒரு ஹோல், ஓட்டுக்கூரை. வீட்டுக்கார மாமாவும் மாமியும், நான் அக்கா என்று கூப்பிட்ட அவர்களுடைய ஒரே மகளும் அதே வளவின் பின்னால் தகரம் போட்ட சின்ன வீட்டில் இருந்தார்கள். நல்ல வீட்டை மகளுக்கென்று கட்டி வைத்துவிட்டு, அவர்கள் அதற்குள் போய் இருக்கவில்லை. நாங்கள் வந்த அன்றே மாமா இரண்டு விஷயம் சொன்னார்.

“சுவர்ல ஆணி அடிக்கப்படா. மறுகா, புள்ளைக்கு ஒரு இடம் சரிவந்தா ஒரு மாசத்துக்குள்ள வீட்டத் தந்திரணும்.”

அம்மா இரண்டுக்கும் தலையாட்டினார். கலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டினார். சாமிப் படங்களை மேசையில் நிறுத்தினார். வரப்போகிற மாப்பிள்ளைக்குச் சுவர் புதிதாக இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு விளங்கியது.

மாப்பிள்ளை வரவில்லை. அக்காவுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அவர் ஒழுங்கை முகப்பில் இருந்த நேர்சரி ஒன்றில் படிப்பித்தார். பின்னேரங்களில் எனக்குக் கணக்குச் சொல்லித் தருவார். நான் பிழையாகச் செய்தாலும் அழிக்கச் சொல்ல மாட்டார். பக்கத்தில் இன்னொரு தரம் செய்யச் சொல்வார். முதல் வந்த இடம் சாதகம் பொருந்தாமல் போனது. இரண்டாவது இடம் வயல்காணியும் கேட்டது. ஒவ்வொரு முறை தரகர் வந்து போனபோதும் அம்மா சமையலறையில் பாத்திரங்களை மூட்டையாகக் கட்டி வைப்பதும், பிறகு திரும்ப அவிழ்ப்பதுமாக இருந்தார்.

அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வீட்டில் மூன்றாவது பெண். மூத்த இருவருக்கும் வீடு கட்டிக் கொடுத்த பிறகு, அம்மாவுக்கென்று வவுணதீவில் அத்திவாரம் மட்டும் போட்டார்கள். அதற்குள் நாட்டில் சண்டை வந்து எல்லோரும் இடம்பெயர்ந்து போனார்கள். திரும்பி வந்தபோது கட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. “நான் அத்திவாரத்தக் கலியாணம் முடிச்ச ஆள்” என்று அப்பா சில நேரம் பகிடியாகச் சொல்வார். அதற்கு அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த மார்கழியில் மழை விடாமல் பெய்து வாவி நிரம்பியது. ஒருநாள் விடிய எழும்பியபோது என் செருப்பு ஹோலில் மிதந்து போனது. தண்ணீர் மூன்று நாள் வீட்டுக்குள் நின்றது. கட்டில் கால்களுக்குக் கீழே கல் வைத்து, அதற்கு மேல் நாங்கள் மூவரும் இருந்து, அக்கா கடையில் வாங்கிவந்து தந்த பாணைச் சாப்பிட்டோம். தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண்ணிறக் கோடு மிஞ்சியது. மாமா சுண்ணாம்பு அடித்தார். ஹோலில் கோடு மறைந்தது. பின்னறை மூலையில் மட்டும் எத்தனை தரம் அடித்தாலும் சுண்ணாம்புக்கு மேலாக ஊறி வெளியே வந்துவிட்டது.

தை பிறந்ததும் மூன்றாவது இடம் வந்தது. குருக்கள்மடத்தில் மாப்பிள்ளை. கந்தோர் ஒன்றில் கிளாக்கர். சாதகம் பொருந்திவிட்டது. படம் பார்த்துப் பிடித்துவிட்டது. இனி வீட்டைப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அவர்கள் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் மாமாவும் அப்பாவும் சேர்ந்து எங்கள் அலுமாரியை நகர்த்திப் பின்னறை மூலையில் அந்தக் கோட்டை மறைத்து வைத்தார்கள். மாமா இரண்டடி பின்னுக்கு நின்று பார்த்தார். “ஆ, இப்ப சரி” என்றார். அவருடைய முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா எனக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு யாராவது வந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் அம்மா வழக்கமாகச் சொல்வது. அன்று வேறு மாதிரிச் சொன்னார்.

“பெரியாக்கள் என்ன கேட்டாலும் உள்ளதச் சொல்லணும் புள்ள. பொய் சொல்லப்படா.”

நான் ஓம் என்றேன். பிறகு அம்மா பின்னறையைக் கூட்டினார். “அலுமாரிக்குக் கீழ தூசி கிடக்கு, ஒருக்காப் பிடி” என்றார். இரண்டு பேரும் தள்ளினோம். கூட்டி முடிந்த பிறகு அதைத் திரும்பத் தள்ளச் சொல்லவில்லை. ஒரு கதிரையைக் கொண்டுவந்து அந்த மூலைக்குப் பக்கத்தில் போட்டார். “இவடத்த இருந்து படி” என்று தமிழ்ப் புத்தகத்தைக் கையில் தந்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும் மூத்த சகோதரியும் வந்தார்கள். தாய் கிணற்றை எட்டிப் பார்த்தார். தாய்மாமன் கூரையைப் பார்த்தார், கதவுகளைத் திறந்து மூடினார். எல்லாம் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று குரலிலேயே தெரிந்தது. அக்கா மாம்பழ நிறச் சேலையில், மாமிக்குப் பின்னால், ஹோல் கதவடியில் நின்றார். மாப்பிள்ளையின் சகோதரி தனியாகப் பின்னறைக்குள் வந்தார். சுவரைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். கட்டில் விளிம்பில் அமர்ந்து, என்ன படிக்கிறாய், எந்த வகுப்பு என்றெல்லாம் அன்பாக விசாரித்தார். பிறகு அதே குரலில் கேட்டார்.

“மழ நாளையில இதுக்குள்ள தண்ணி வாறதா மகள்?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தேநீர்த் தட்டோடு அறை வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம்” என்றேன். “என்ட முழங்கால் வரைக்கும் வந்திச்சி. மூணு நாள் கட்டிலுக்கு மேலதான் இருந்தம். பாம்பும் வந்திச்சி.”

பாம்பு வந்தது எங்கள் வீட்டுக்கு அல்ல, பக்கத்து வளவுக்கு. நான் அதைப் பார்க்கவும் இல்லை. ஆனால் அந்தப் பெண் அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்; தண்ணீர் மட்டும் போதாது போல எனக்கு இருந்தது. பொய் சொல்லப்படாது என்று அம்மா சொல்லி ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது.

ஹோலில் பேச்சு நின்றுவிட்டது. கதவடியில் நின்ற அக்கா என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார். நேர்சரியில் ஒரு பிள்ளை தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்துவிட்டால் சிரிப்பாரே, அதே சிரிப்பு. வந்தவர்கள் தேநீர் குடித்தார்கள். பலகாரம் எடுக்கவில்லை.

நாலு நாள் கழித்துத் தரகர் வந்தார். பின்வீட்டு முற்றத்தில் அவர் நின்று பேசியது எங்கள் சமையலறைக்குக் கேட்டது.

“புள்ளயில ஒரு குறையும் சொல்லல்ல. வீடு பள்ளத்துக்குள்ள கிடக்கெண்டு யோசிக்காங்க. மேட்டுக் காணியொண்டு பாத்தா மறுகா கதைக்கலாமெண்டு சொல்றாங்க.”

மேட்டுக் காணி வாங்குகிற ஆளாக இருந்தால் மாமா தகர வீட்டில் ஏன் இருக்கப் போகிறார்? பிறகு அப்பா அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டபோதும், “சின்னப்புள்ள, அதுக்கு என்னத்தத் தெரியும்” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டாராம். மாமி இரண்டு நாள் கிணற்றடிக்கு வரவில்லை.

தரகர் வந்து போன அன்று எங்கள் வீட்டில் இறால் ஆணம். முருங்கையிலை போட்டு, தேங்காய்ப்பால் தாராளமாக விட்டு, அம்மா வைத்திருந்தார். ஞாயிறில்கூட எங்களுக்கு இறால் அபூர்வம்.

“என்ன இண்டைக்கு விசேஷம்?” என்று அப்பா கேட்டார்.

“மலிவாக் கிடந்திச்சி” என்றார் அம்மா.

அப்பா சோற்றைப் பிசைந்தபடி கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். அவருடைய பங்கையும் நான்தான் சாப்பிட்டேன். எனக்கு அன்று சந்தோஷம். வீடு மாற வேண்டியதில்லை. அதே பள்ளிக்கூடம், உட்கார அதே வாங்கு, பக்கத்தில் அதே சிநேகிதி. லொறி வராது.

அக்கா அடுத்த பின்னேரம் வழக்கம் போலக் கணக்குக் கொப்பியோடு என்னைக் கூப்பிட்டார். நான் நீட்டல் அளவைகளைச் செய்துகொண்டிருந்தேன். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டார்.

“பாம்பு எப்பகா வந்த?”

நான் தலை நிமிரவில்லை.

“அடுத்த தரம் முதலையெண்டு சொல்லு. நம்மட வாவிக்குள்ள முதலதான் இரிக்கு” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் வெகுநேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்த கணக்கு பிழை. அதை அவர் கவனிக்கவில்லை.

அந்தப் பாம்பு என்னைவிட வேகமாகப் போனது. கல்முனை வீதி நெடுகிலும் ஊருக்கு ஊர் அது வளர்ந்தது. தேற்றாத்தீவிலிருந்து வர இருந்த ஒரு சம்பந்தம், அது பாம்புப் புற்றுள்ள வளவாம் என்று கேள்விப்பட்டு, வராமலே நின்றுவிட்டது. அந்தப் பாம்பு எந்த வாயிலிருந்து புறப்பட்டது என்பது அக்காவுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அடுத்த ஆவணியில் அக்கா குவைத்துக்குப் போவதாக முடிவானது. ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை. அந்த உழைப்பில் மண் போட்டு வீட்டை உயர்த்தலாம், பிறகு யாரும் குறை சொல்ல முடியாது என்று மாமாவே அப்பாவிடம் சொன்னார். உயர்த்தத்தான் செய்தார்கள். இப்போது அந்த வீட்டுக்கு மூன்று படி ஏறிப் போக வேண்டும். எந்த மழைக்கும் தண்ணீர் வராது. எட்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த அக்கா தகப்பனையும் தாயையும் பார்த்துக்கொண்டு பின்வீட்டிலேயே இருக்கிறார். முன்வீட்டில் வேறு யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். போன வருஷம் அந்த ஒழுங்கையால் போனபோது கண்டேன்; உள்ளே போக எனக்கு மனம் வரவில்லை. அலுமாரியை ஏன் திரும்பத் தள்ளவில்லை என்று அம்மாவிடம் இன்றுவரை கேட்டதும் இல்லை. உண்மையிலேயே மறந்து போயிருக்கலாம். அப்படியும் நடக்கும்தானே.

அக்கா போன நாள் ஒரு வெள்ளிக்கிழமை, மதியத்துக்குப் பிறகு. ஒழுங்கைக்குள் வான் வராது என்பதால் எல்லோரும் பிரதான வீதி வரைக்கும் நடந்தோம். மாமா பெட்டியைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். அக்கா நேர்சரிக்குப் போடும் அதே சேலைதான் உடுத்தியிருந்தார். என் தலையைத் தடவி, வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் பாடமாக்கி வைக்கச் சொன்னார். மாமி அழவில்லை. போத்தலில் தண்ணீர் இருக்கிறதா, பாஸ்போர்ட் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அழுதது அம்மாதான். வான் கதவைப் பிடித்துக்கொண்டு, அக்காவின் கையை விடாமல், வாய்விட்டு அழுதார். ட்ரைவர் ஹோர்ன் அடித்தும் விடவில்லை. கடைசியில் மாமி வந்து, “சரி கா, சரி, போய்ட்டு வரத்தானே போறா” என்று அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தார். பெற்றவள் அழாமல் நிற்க வாடகைக்கு இருக்கிறவள் அழுகிறாளே என்று வீதியில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது நானும் அம்மாவும் மற்றவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் நடந்தோம். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவரைத் தேற்ற எனக்கு ஆசையாக இருந்தது. எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம் தரக்கூடிய ஒரே செய்தி என்று நான் நினைத்திருந்ததை, அவருடைய கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னேன்.

“அம்மா, அக்கா இனி இப்ப வரமாட்டாதானே. அப்ப நாம இந்த வீட்டிலயே இரிக்கலாம், என்ன?”

அம்மா நின்றார். நடு ஒழுங்கையில், ஆட்கள் பார்க்க, என் கன்னத்தில் ஒரு அடி அடித்தார். அதற்கு முதலும் பிறகும் அம்மா என்னை அடித்ததில்லை. நான் கேட்டதில் என்ன பிழை என்று விளங்காமல், அழுதுகொண்டே அவருக்குப் பின்னால் நடந்து வீட்டுக்கு வந்தேன்.