எக்ஸ்சேஞ்சுக்குப் போகாத மெஷின்

மார்கழி பிறந்த மறுநாள் என் தையல் மெஷின் செத்துப்போனது. நான் சொல்லவில்லை, தேனி சர்வீஸ் சென்டர்காரர் சொன்னார்.

வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத, மோட்டார் வைத்த மெஷின். காலையில் சுவிட்சைப் போட்டால் முனகுகிறதே தவிர ஊசி இறங்கவில்லை. பக்கத்தில் ராயப்பன்பட்டி மாதா கோயில் பாடகர் குழுப் பிள்ளைகளின் வெள்ளைக் கவுன்கள், இன்னும் கைகள் இணைக்காமல் குவிந்து கிடந்தன. சேலைக்கு ஃபால்ஸ், நைட்டிக்கு ஓரம் என்று தைத்துக்கொண்டிருந்தவளுக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். அவர்களுக்குப் பாட்டு சொல்லித்தரும் பள்ளிக்கூட டீச்சர் வேறு, "இத ஒழுங்கா முடிச்சுக் குடுத்திரு, அடுத்து பள்ளிக்கூட யூனிபாரமும் ஒனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. அந்த நேரத்தில் யார் மெஷினை இரவல் தருவார்கள்?

கட்டைப்பையில் மெஷினைப் போட்டுக்கொண்டு காமயகவுண்டன்பட்டியிலிருந்து பஸ் ஏறினேன். கையில் வாரண்டி கார்டு இருந்ததால் கொஞ்சம் கெத்தாகவே போனேன் என்று வையுங்கள்.

சர்வீஸ் சென்டரில் ஏசி போட்டு நடுங்க வைத்தார்கள். அங்கிருந்தவர் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். மெஷினைத் திறக்கக்கூட இல்லை.

"மோட்டார் ஜாமாயிருச்சுக்கா. அப்பிடியே மாத்தணும்."

"மாத்துங்க தம்பி. அதான் வாரண்டி இருக்குல்ல."

"வீட்ல என்னா தைக்கிறீக?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? பெருமை தாங்காமல் கவுன் கதை முழுவதையும் சொன்னேன்.

"அப்ப வாரண்டி கெடையாதுக்கா. வீட்டு உபயோகத்துக்குத்தான் வாரண்டி. வெளியாளுக்குத் தச்சா அது தொழிலு."

"வீட்டுக்குள்ள உக்காந்துதான தைக்கிறேன், நடுரோட்லயா தைக்கிறேன்?"

அவர் சிரித்தார். "ரிப்பேர் பாத்தா புதுசு வெலை வந்திரும். பேசாம எக்ஸ்சேஞ்சுல போட்டுப் புது மாடல் எடுத்துக்கங்க. இப்பல்லாம் யாருக்கா ரிப்பேர் பாக்குறாக?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! ஒரு வருடம் தாங்காததைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே கம்பெனியிடம் இன்னொன்று வாங்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் வாளி ஓட்டையானால்கூட அதில் கறிவேப்பிலைக் கன்று வைப்போம். "ஒங்க எக்ஸ்சேஞ்ச நீங்களே வச்சுக்கங்க" என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ரோட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை முட்டியது. டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பது?

கம்பம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. டிரைவர், "ஏத்தா, எம்புட்டு நேரம் அதத் தூக்கிக்கிட்டு நிப்ப? இங்கன வையி" என்று பக்கத்திலிருந்த என்ஜின் மூடியைக் காட்டினார். அது கொதித்தது. செத்த மெஷின்தானே, இனிமேல் என்ன கெட்டுப்போகும் என்று வைத்துவிட்டேன்.

சின்னமனூர் தாண்டியதும் ஒரு வாசம் வந்தது. டிரைவர் மூக்கை உறிஞ்சினார்.

"பைக்குள்ள என்னாத்தா, பலகாரமா? எண்ணெய் ஒழுகுது பாரு."

பையைத் திறந்தேன். மெஷினுக்கு அடியில் எண்ணெய். தொட்டு முகர்ந்தால், அசல் தேங்காயெண்ணெய்! காலையில் அசையாத சக்கரத்தைச் சுற்றினேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது, ஊசி டக்டக்கென்று ஏறி இறங்கியது. "அடியாத்தே!" என்று நான் கத்திய கத்தலில் டிரைவர் பிரேக்கே போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரைப் பிடித்தேன்.

"மெஷினுக்கு எண்ணெய் விட்டீகளா?"

"ஆமா புள்ள, நேத்துக் கீச்சுக்கீச்சுன்னு கத்துச்சுல்ல. நம்ம தோட்டத்துத் தேங்கா, செக்குல ஆட்டுனது. கலப்படமே கெடையாது."

"இந்தப் பனிக்குத் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயே பாட்டிலுக்குள்ள கட்டியாக் கெடக்கு. மெஷினுக்குள்ள மட்டும் தண்ணியாவா இருக்கும்?"

மனுஷர் போய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார், ஒரு சொட்டுகூட விழவில்லை. பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அவரே மெஷினைத் திறந்து எண்ணெயைத் துடைத்து எடுத்தார். சைக்கிள் கடைக்குப் போய் மெஷின் ஆயில் வாங்கி வந்து ஊற்றினார். அன்று மாலையே கவுன் தைக்க உட்கார்ந்தேன். கிறிஸ்துமஸுக்கு எல்லாப் பிள்ளைகளும் கவுன் போட்டுக்கொண்டுதான் பாடினார்கள்.

மே மாதத்தில் சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நல்ல ஆஃபர் ஓடுது. அந்தச் செத்த மெஷினக் கொண்டாந்தீகன்னா..."

போனை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, கையிலிருந்த துணியை ஓட்டி முடித்தேன்.

"என்னாக்கா அது சத்தம்?"

"செத்த மெஷின் பள்ளிக்கூட யூனிபாரம் தைக்குது தம்பி" என்றேன்.