கொள்ளு காயும் சாலையில் ஹைப்ரிட்டும் டீசலும்

நான் பயந்தாங்கொள்ளி. மலைச்சாலைக்கு எந்தக் கார் நல்லது என்று தேடிக்கொண்டு இங்கே வந்திருக்கும் தைரியசாலிகள், நான் எழுதுவதில் கால்வாசியைக் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

பொங்கல் கழிந்த இரண்டாவது சனிக்கிழமை இந்தப் பயணம். ஜவ்வாது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு மருந்தாளுநர் வேலை கிடைத்திருந்தது. வீடு போளூரில். மலைக்குப் பேருந்துகள் குறைவு, நான் பணி முடிந்து கிளம்பும் நேரத்துக்கு எதுவும் இல்லை. தினமும் தனியாக மலையேறி இறங்க ஒரு கார் வேண்டும். அந்தச் சாலையில் ஓட்ட முடியாது என்று தோன்றினால் வேலையே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். திங்கட்கிழமை சேர வேண்டும்.

கணவர் தன் நண்பரிடமிருந்து பெட்ரோல் ஹைப்ரிட் ஒன்றை இரவல் வாங்கித் தந்தார். அண்ணனிடம் இரண்டு வருட டீசல் கார் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. போளூரில் இரண்டு டேங்கையும் நிரப்பிக்கொண்டு காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஹைப்ரிட்டில் நான், டீசலில் அண்ணன். திரும்பும்போது மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

ஏற்றத்தில் டீசல்தான் ராஜா. அண்ணன் இரண்டாவது கியரில் போட்டு அலட்டிக்கொள்ளாமல் ஏறினான். ஹைப்ரிட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறுகிறது, வண்டி என்னவோ நிதானமாகத்தான் ஏறுகிறது. அந்தச் சத்தத்துக்கே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. எதிரே ஒரு லாரி வந்தபோது ஓரமாக நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் வந்த அண்ணன் ஹாரன் அடித்தான். நான் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் அடிப்பதை அன்று முழுக்க ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தான்.

ஜமுனாமரத்தூரில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வண்டி மாற்றினோம். டீசலைக் கிளப்பியதும் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. இறங்கிப்போய் அண்ணனிடம் கேட்டேன்.

"அது புகை வடிகட்டி. மெதுவா ஏறினதுல கரி அடைச்சிருக்கும். சூடாகித் தானே எரிச்சு சுத்தம் பண்ணிக்கும். கொஞ்சம் வாடை வரும், பயந்துடாத. நடுவுல மட்டும் நிறுத்தாம ஓட்டு" என்றான்.

நிறுத்தாமல் ஓட்டினேன்.

ஆறேழு கிலோமீட்டர் வந்திருப்பேன். ஒரு வளைவு தாண்டியதும் சாலை முழுக்கக் கொள்ளுச் செடி. தை மாதத்தில் இங்கே இது வழக்கம். பிடுங்கிக் காயவைத்த செடியைத் தாரில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகளின் சக்கரத்தில் காய் உடைந்து கொள்ளு உதிரும், பிறகு தூற்றி எடுத்துக்கொள்வார்கள். காலையிலும் இரண்டு இடத்தில் இப்படி ஏறி வந்தோம். சரசரவென்ற அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. இந்த முறை செடி கனமாகக் கிடந்தது. கொடிகள் அடியில் உரசிக்கொண்டே வந்தன.

தாண்டிச் சற்று தூரம் போனதும் தீய்ந்த வாடை வந்தது. வரும் என்று சொல்லியிருந்தானே. பின்னால் ஹாரன் கேட்டது, விடாமல் கேட்டது. மெதுவாகப் போகிறேன் என்று கிண்டல் செய்கிறான் என நினைத்து வேகத்தைக் கூட்டினேன். நிறுத்து நிறுத்து என்று மனம் அடித்துக்கொண்டது, ஆனால் நிறுத்தினால் வண்டிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அதற்கும் பயம்.

சாலையில் அடுத்து செடி பரப்பியிருந்த இடத்தில் அதைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர் சட்டென்று நடுச்சாலைக்கு வந்து இரண்டு கையையும் விரித்து நின்றார். அவரை இடித்துவிடுவேனோ என்றுதான் பிரேக்கை மிதித்தேன்.

"எறங்கும்மா. வண்டிக்கு அடியில நெருப்பு கீது."

சீட் பெல்ட் பொத்தான் கைக்கு அகப்படவில்லை. அவர்தான் கதவைத் திறந்து என்னை இழுத்து வெளியே விட்டார். அவர் கணவர் செடி புரட்டும் கவைக்கோலை அடியில் விட்டுப் புகைகிற கொடிகளை வாரி இழுக்க, அந்த அம்மா கையாலேயே பிடுங்கினார். அண்ணன் ஓடிவந்து மண்ணை அள்ளிப் போட்டான். தீ அடங்கியது. சூடேறியிருந்த புகை வடிகட்டியில் கொடி பட்டுப் பற்றியிருக்கிறது. அடியில் ஒரு மூடி உருகித் தொங்கியது, அவ்வளவுதான்.

அந்த அம்மா என்னைவிடப் பயந்திருந்தார்.

"எல்லாரும் போடறதுதாங்க, நாங்களும் போட்டோம். ஸ்டேஷனுக்குப் போய்டாதீங்க. வண்டிக்கு இன்னா செலவுன்னாலும் கொள்ள வித்துத்தான் குடுக்கணும்" என்றார். ஒரு கையை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

"நாங்க எங்கயும் போகலம்மா" என்று அண்ணன் சொன்னான். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. டீசலை அண்ணனிடம் விட்டுவிட்டு, நான் நன்றிகூடச் சொல்லாமல் ஹைப்ரிட்டில் ஏறிக்கொண்டேன்.

இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே ஹைப்ரிட் பேட்டரியை நிரப்பிக்கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. பாதி மலையில் பேட்டரி நிரம்பியதும், காலே வைக்காமல் இன்ஜின் திடீரென்று அலறியது. மறுபடி தீ என்று நிறுத்தி, குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. நிரம்பிய பிறகு இன்ஜினை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும்போது வருகிற சத்தமாம்.

போளூரில் மறுபடி டேங்கை நிரப்பிப் பார்த்தோம். ஓடியது 88 கிலோமீட்டர். ஹைப்ரிட் 4.3 லிட்டர் பெட்ரோல் குடித்திருந்தது, டீசல் கார் 5.4 லிட்டர். அதாவது லிட்டருக்கு இருபதரை, பதினாறேகால். ஏற்றத்தில் இழுவைக்கு டீசல், செலவுக்கும் இறக்கத்துக்கும் ஹைப்ரிட். தினமும் மெதுவாக மலையேறுகிறவர்களுக்கு அந்தப் புகை வடிகட்டி தலைவலிதான். ஆனால் கொள்ளுக் கொடி எந்த வண்டியின் அடியிலும் சுற்றிக்கொள்ளும். அண்ணன் அதுவரை ஓட்டிவந்த ஹைப்ரிட்டின் அடியிலிருந்தும் ஒரு கைப்பிடிக் கொடி எடுத்தோம். தை, மாசியில் போகிறவர்கள் செடியைக் கண்டால் நிறுத்தி, ஒதுக்கிவிடச் சொல்லிக் கேளுங்கள். தாண்டியதும் இறங்கிக் குனிந்து பாருங்கள். வாடை வந்தால், யார் என்ன சொல்லியிருந்தாலும் நிறுத்துங்கள்.

திங்கட்கிழமை அதே ஹைப்ரிட்டை இரவல் வாங்கிக்கொண்டு போனேன், வேலை வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டு வர. வழியில் நான்கு முறை நிறுத்தி அடியில் பார்த்தேன். சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் இல்லாததால் மருந்து கொடுக்கும் ஜன்னல் மூடியிருந்தது. வெளியே காத்திருந்தவர்களில் அந்த அம்மாவும் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வண்டிக்கு இன்னா ஆச்சுங்க?" என்றார்.

"ஒண்ணும் ஆகலம்மா. கையைக் காட்டுங்க."

தயங்கித்தான் காட்டினார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அதன்மேல் மஞ்சளைப் பூசி இரண்டு நாள் ஓட்டியிருக்கிறார். எனக்குச் சாயங்காலம் இறங்க வேண்டிய வளைவுகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான், போகவில்லை.

அவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய், அந்த ஜன்னலின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.