வீக்கம் இறங்கிய பிறகு

இடது கையால் குழந்தையின் பிடரியைப் பிடித்துக்கொண்டு வலது உள்ளங்கையால் நெற்றியை அழுத்தித் தேய்த்தாள் ராஜம். தேய்க்கத் தேய்க்க வீக்கம் கைக்கடியில் எழும்பிக்கொண்டே வந்தது. முதலில் புளியங்கொட்டை அளவு இருந்தது. பிறகு அரை எலுமிச்சம்பழம். குழந்தை கத்திய கத்தலில் மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விடாமல் அப்படியே நின்றது. உதடு நிறம் மாறியது.

"முகத்துல ஊது ராஜம்," என்றார் நாராயணஸ்வாமி. குளியலறையிலிருந்து ஈரத் துண்டோடு ஓடி வந்திருந்தார்.

ராஜம் ஊதினாள். மூச்சு திரும்பியது. அழுகையும் திரும்பியது.

"தேய்க்கறதை நிறுத்து. பிளான்ட்ல சேஃப்டி கிளாஸ்ல சொல்லுவான், தேய்ச்சா உள்ள இன்னும் கசியும். ஐஸ் வை."

"எங்காத்துல தேய்ச்சுதான் விடுவா."

"உங்காத்துல ஃபிரிட்ஜ் கிடையாது."

ஐஸ் தட்டு ஃப்ரீசரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்து, நாலைந்து கட்டிகளைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். நெற்றியில் வைத்ததும் குழந்தை தலையை உதறியது.

"சல்லகா உந்தி. வத்து மாமி, வத்து."

ஹம்ஸினிக்கு மூன்று வயது. எல்லோரும் அவளிடம் தமிழில் பேசினார்கள். அவள் தெலுங்கில் பதில் சொன்னாள். ஜில்லென்று இருப்பதை அவள் எந்த மொழியில் வேண்டாம் என்றாலும் ராஜம் கையை எடுப்பதாக இல்லை. காலால் கதவைச் சாத்தினாள். ஹாலில், பகலில் அவள் பார்த்துக்கொள்ளும் மற்ற நான்கு குழந்தைகள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. இவள் மட்டும் எழுந்து இந்த அறைக்கு வந்திருக்கிறாள். அடுப்பில் பாலைப் பார்க்கப் போன ராஜத்துக்கு ஒரு சத்தம் மட்டும் கேட்டது. தேங்காய் விழுந்ததுபோல.

"எங்கேர்ந்துடி கண்ணு விழுந்தே?"

குழந்தை கட்டிலைக் காட்டியது. பிறகு கட்டிலுக்கு மேல் இருந்த ஜன்னல் விளிம்பைக் காட்டியது. பிறகு மின்விசிறியைக் காட்டியது.

"ஃபேன்லேர்ந்து விழுந்தாளாம்," என்றார் நாராயணஸ்வாமி. சிரிக்க முயன்றார். ராஜம் சிரிக்கவில்லை. கட்டில் என்றால் முழங்கால் உயரம். ஜன்னல் என்றால் ராஜத்தின் தோள் உயரம். கீழே டைல்ஸ் தரை.

குழந்தையின் அம்மா வேதா ஆறரைக்கு வருவாள். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனி. இதே அடுக்ககத்தில் ஐந்தாவது மாடி. கணவன் ஸ்ரீனிவாஸ் அமெரிக்காவில் ஆன்சைட். போன மாதம் அசோசியேஷன் கூட்டத்தில் செயலாளர் பாலசுப்ரமணியன், குடியிருக்கிற ஃபிளாட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்தலாமா, நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார். வேதாதான் எழுந்தாள். "ஒரு வருஷமா மாமி கையில விட்டுட்டுப் போறேன். எம் பொண்ணு மேல ஒரு கீறல் கிடையாது," என்றாள். அதற்குமேல் யாரும் பேசவில்லை. காப்பகம் அந்த ஒரு வாக்கியத்தில் நின்றுகொண்டிருந்தது.

குஷாய்குடா பக்கத்துக் கம்பெனி காலனியில் இருந்த முப்பது வருஷமும் ராஜம், நாராயணஸ்வாமியின் மனைவி. அவர் எலக்ட்ரானிக்ஸ் பிளான்ட்டில் விருப்ப ஓய்வு வாங்கி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மகன் சரத் கொண்டாப்பூரில் வாங்கிப் போட்டிருந்த இந்த ஃபிளாட்டுக்கு வந்தபோது அவளை யாருக்கும் தெரியாது. வேதாவின் குழந்தையை ஒரு வாரத்துக்கு என்று பார்த்துக்கொண்டாள். பிறகு மற்ற குழந்தைகள் வந்தன. இப்போது லிஃப்டில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பெண்கள் நாராயணஸ்வாமியைப் பார்த்து, "நீங்க ராஜம் மாமி ஹஸ்பெண்ட் இல்லையா?" என்று கேட்டார்கள். அவர் அதை வீட்டில் வந்து சொல்லிக் கேலி செய்வார். அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஐஸ் உருகி மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. கையை எடுத்துப் பார்த்தாள். வீக்கம் அப்படியே இருந்தது. நடுவில் நீலம் ஓடியிருந்தது.

"டப்பாவுல மூசாம்பரம் இருக்கு. உரைச்சு, சுட வச்சுப் பத்துப் போட்டுடறேன்."

"நக்கோ, வேண்டாம். கறுப்பா அடை மாதிரி நிக்கும். என்னன்னு கேக்க மாட்டாளா?"

"மஞ்சளும் சுண்ணாம்பும்?"

"அது செக்கச்செவேல்னு நிக்கும்."

புளியும் உப்பும் கொதிக்க வைத்துப் போட்டால் பழுப்பாகக் கறை விழும். அவளுக்குத் தெரிந்த எல்லாப் பற்றும் போட்ட இடத்தைக் காட்டிக்கொடுப்பவை. தண்ணீராகிப் போகிற ஐஸ் ஒன்றுதான் அடையாளம் வைக்காது. இன்னும் நாலு கட்டி எடுத்துவரச் சொன்னாள்.

ஃபோன் அடித்தது. வேதா தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். குழந்தை விசும்பிக்கொண்டிருந்தது. நாராயணஸ்வாமி ராஜத்தைப் பார்த்தார். ராஜம் குழந்தையின் முகத்தைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார். திரும்பி வந்து, "தூங்கறாள்னு சொல்லிட்டேன்," என்றார்.

அவள் ஐஸ் முடிச்சை மறுபடி நெற்றியில் வைத்தாள்.

இரண்டாவது தட்டு முடிவதற்குள் வீக்கம் குறைந்தது. மூன்றாவதில் விரலால் தடவினால்தான் தெரிந்தது. நாராயணஸ்வாமி தேங்காயெண்ணெய் தொட்டு, முன்முடியைச் சீப்பால் கீழே வாரி நெற்றியில் படிய வைத்தார். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"போச்சு. ஒண்ணுமே இல்லை. நீயே பாரு."

குழந்தை பிஸ்கட் கேட்டது. பாலும் குடித்தது. பிஸ்கட்டில் பாதியை நாராயணஸ்வாமியின் வாயில் திணித்தது. பிறகு கொட்டாவி விட்டது.

"மாமி, நித்ர ஒஸ்துந்தி."

தூக்கம் வருகிறதாம். மத்தியானம் சரியாகத் தூங்காத குழந்தை. அழுது ஓய்ந்த குழந்தை. தூக்கம் வரத்தான் செய்யும். ராஜம் அவளை மடியில் போட்டுக்கொண்டு வழக்கம்போல் நெற்றியைத் தடவினாள். வீக்கத்தை விரல் தேடியது. காணவில்லை.

இவ்வளவு சீக்கிரம் எங்கே போயிற்று.

வெளியில் புடைத்தால் பயமில்லை என்றுதான் அவள் வீட்டில் சொல்வார்கள். புடைக்காவிட்டால்தான் பயப்பட வேண்டும், உள்ளே போய்விடும் என்பார்கள். அவள் உட்கார்ந்து உட்கார்ந்து அதை உள்ளே அனுப்பியிருக்கிறாள்.

காலனியில் அடுத்த தெரு குணசேகரன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தபோது காதுக்கு மேல் இப்படித்தான் இருந்தது. சுளுக்கு, ரத்தக்கட்டு எதுவானாலும் ராஜத்தைக் கூப்பிடுவார்கள். மூசாம்பரம் பற்று அவள்தான் போட்டாள். சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் வீக்கம் வடிந்துவிட்டது. "மாமி, நீங்க டிஸ்பென்சரில இருக்க வேண்டியவங்க," என்றான். தயிர்சாதம் சாப்பிட்டான். படுத்தான். காலையில் அவனை எழுப்ப முடியவில்லை. தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, பற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கம்பெனி டாக்டர் சொன்னார். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

குழந்தையின் கண் செருகியது. ராஜம் அதைத் தூக்கி நிறுத்தினாள்.

"தூங்கப்படாது. வா, காக்கா பாக்கலாம்."

"வத்து."

"ஏன் எழுப்பறே? தூங்கற நேரம் அது."

"தூங்கி, முழிச்சுக்கலைன்னா?"

குழந்தை தரையில் உட்கார்ந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு முனகியது. கன்னத்தில் தண்ணீர் தெளித்தாள். அழுதது. அழுதால் நல்லது என்று தோன்றியது. அழுகை நின்றதும் கழுத்து தொய்ந்தது. மறுபடி தண்ணீர். இந்த முறை அழக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வேதாவைக் கூப்பிடுங்கோ."

"ராஜம், ஒண்ணும் தெரியலை பாரு. அவ வந்தா நல்லா பாத்துட்டு, ஆத்துக்கு அழைச்சுண்டு போகப்போறா."

"ஆத்துக்கு அழைச்சுண்டு போய்த் தூங்கப் பண்ணுவா. கூப்பிடுங்கோ."

எண்களை அழுத்திவிட்டு, ஃபோனைக் கொடுக்குமுன் அதன் வாயைக் கையால் மூடிக்கொண்டார். "இப்பதான் விழுந்தாள்னு சொல்லு. இத்தனை நேரம் என்ன பண்ணினேள்னு கேட்டா பதில் கிடையாது. நான் வேற தூங்கறாள்னு சொல்லியிருக்கேன்."

ராஜம் அப்படியே சொன்னாள். இப்போதுதான் விழுந்தாள், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அழைத்துப் போகிறேன், நேரே அங்கே வந்துவிடு. வேதா, "அடி பெருசா மாமி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வெளியில ஒண்ணும் தெரியலை," என்றாள் ராஜம். அது மட்டும் உண்மை.

நாராயணஸ்வாமி மற்ற குழந்தைகளோடு இருந்தார். ஆட்டோவில் கச்சிபௌலி சாலைத் திருப்பத்தில் குழந்தை அவள் தோள்மேல் வாந்தி எடுத்தது. பாலும் பிஸ்கட்டும். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

வேதா அவர்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தாள். அடையாள அட்டை கழுத்தில் முதுகுப் பக்கம் திரும்பிக் கிடந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். ராஜம் புடவைத் தலைப்பைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனாள்.

டாக்டர் இளைஞர். குழந்தையின் கண்ணில் டார்ச் அடித்தார். கையை மடக்கி நீட்டச் சொன்னார். எப்போது விழுந்தாள் என்று தெலுங்கில் கேட்டார்.

"இப்பதான். அரை மணி, முக்கால் மணி இருக்கும்," என்றாள் வேதா.

வாந்தி?

ஒரு தடவை, என்றாள் ராஜம்.

டாக்டர் குழந்தையின் தலையை இரண்டு கையாலும் தடவினார். பின்பக்கம், பக்கவாட்டு, உச்சி. ஒரு சுற்று முடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். அடிபட்ட இடமே தெரியவில்லையே, எங்கே பட்டது என்று பார்த்தீர்களா என்றார். விழுந்து முக்கால் மணிக்குள் வாந்தி, வெளியில் ஒரு வீக்கம்கூட இல்லை, அதுதான் யோசனையாக இருக்கிறது என்றார். விழுந்த நேரத்திலிருந்துதான் எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும் என்றும் சொன்னார்.

வேதா ராஜத்தைப் பார்த்தாள். அதில் சந்தேகம் எதுவும் இல்லை. பதிலுக்காக மட்டும் பார்த்தாள்.

ராஜம் முன்னால் வந்து, எண்ணெயில் ஒட்டிக் கிடந்த முன்முடியை மேலே ஒதுக்கினாள்.

"இங்க. வீங்கியிருந்தது. இத்தனை பெருசு." கையால் அளவு காட்டினாள். "ஐஸ் வச்சு வச்சு நான்தான் இறக்கினேன். மூணு மணிக்கு விழுந்தா."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தரை தாண்டியிருந்தது. டாக்டர் அந்த இடத்தை விரலால் அழுத்தினார். குழந்தை, "நொப்பி," என்று வலியில் கையைத் தட்டிவிட்டது. நடுவில் மயக்கம் வந்ததா, விளையாடினாளா, என்ன சாப்பிட்டாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ராஜம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஐஸ் வைத்தது சரிதான் என்றார். தேய்த்தேன், என்றாள். தேய்க்க வேண்டாம் என்றார். படுக்கையில் போட்டுக் கொஞ்ச நேரம் பார்ப்போம், தூங்கட்டும், அடிக்கடி எழுப்பிப் பார்க்கச் சொல்கிறேன், மறுபடி வாந்தி எடுத்தால் ஸ்கேன் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

வேதா குழந்தையின் காலணியைக் கழற்றினாள். இரண்டையும் சேர்த்துக் கட்டிலுக்கடியில் வைத்தாள்.

"நான் மூணரைக்கு ஃபோன் பண்ணினேன் மாமி."

"ஆமாம்."

"மாமா தூங்கறாள்னு சொன்னார்."

"நான் பக்கத்துல இருந்தேன். எனக்குத் தெரிஞ்சுதான் சொன்னார்."

"கூட்டத்துல எழுந்து நான்..." என்று ஆரம்பித்து வேதா நிறுத்திக்கொண்டாள். குழந்தையின் கவுனை இழுத்துவிட்டபடி, "விழறது எல்லா ஆத்துலயும் விழும்," என்றாள்.

ராஜம் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றாள். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. வேதா அதில் உட்காரவும் இல்லை, அவளை உட்காரச் சொல்லவும் இல்லை. நர்ஸ் வந்து குழந்தையின் தோளைத் தட்டினாள். ஒரு முறை கண்ணைத் திறந்து, "வத்து," என்றது. அடுத்த முறை நர்ஸின் கையைக் கடிக்கப் போனது. நர்ஸ் சிரித்தாள். ராஜத்துக்கு அப்போதுதான் கால் வலி தெரிந்தது. எட்டு மணிக்கு மேல் அனுப்பிவிட்டார்கள். ஒரே ஆட்டோவில் திரும்பினார்கள். வேதா ஐந்தாவது மாடிக்குப் பொத்தானை அழுத்தினாள். ராஜம் இரண்டாவது மாடிக்கு அழுத்தினாள்.

மறுநாள் ஹம்ஸினியின் வலது கண் இமை கறுத்து உப்பியிருந்தது. நெற்றியில் அடிபட்டால் ரத்தம் கீழே இறங்கும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வேதா லீவு போட்டாள். மற்ற நான்கு குழந்தைகளில் மூன்று வந்தன. பால் வாங்கப் போனபோது பாலசுப்ரமணியன் எதிர்ப்பட்டார். அவர் கேட்குமுன் ராஜம் நடந்ததைச் சொன்னாள். கமிட்டியில் வைக்கிறேன் என்றார். நாராயணஸ்வாமி கட்டிலை ஜன்னலிலிருந்து நகர்த்திப் போட்டார். பதினோரு மணிக்கு வேதா குழந்தையோடு வந்து, தலையணை, மாற்று கவுன், டம்ளர் மூன்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டாள். கண்ணுக்கு என்ன போடலாம் என்று கேட்டாள். இன்றைக்கு ஒன்றும் வேண்டாம், நாளைக்கு வெதுவெதுப்பான துணியால் ஒற்றினால் போதும், பச்சையாகும், மஞ்சளாகும், போய்விடும் என்றாள் ராஜம். வேதா தலையாட்டினாள். குழந்தை பாயில் போய்த் தன் இடத்தில் படுத்துக்கொண்டது. வேதா தூக்கிக்கொண்டு போனாள். ஐந்து குழந்தைகளுக்கு என்று வடித்த சாதத்தில் கொஞ்சம் மிஞ்சியது. சாயங்காலம் ராஜமும் நாராயணஸ்வாமியும் அதில் மோர் விட்டுச் சாப்பிட்டார்கள்.