பட்னி ஆற்றங்கரையில் நிமாலுடன்

கடந்த ஒக்டோபரில் ஜெர்மனியிலிருந்து லண்டன் போனதற்கு ஒரு தொலைபேசி அழைப்புத்தான் காரணம். மே மாதம், ஊரில் போர் முடிந்த கிழமை, நிமால் எடுத்திருந்தான். இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு கேட்ட குரல்.

"மச்சான், உன்ட ஆக்கள் எல்லாரும் இருக்கினமா?"

வன்னியிலிருந்த தம்பி குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லாத நேரம். அதை அவனிடம் சொன்னேன்.

நிமால் தென்னிலங்கையில் காலி என்ற ஊரைச் சேர்ந்த சிங்களவன். எழுபதுகளின் கடைசியில் பட்னியில் ஒரு உணவகத்தில் இருவரும் கோப்பை கழுவினோம். சமையலறையில் என்னோடு கதைத்தே தமிழ் பழகினான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு மனத்தாங்கலோடு பிரிந்தோம்.

விம்பிள்டனில் அக்கா வீட்டிலிருந்து காலை பத்து மணிக்குப் புறப்பட்டேன். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் பட்னி பிரிட்ஜ் நிலையம் வரை பத்து நிமிடம். பாலத்தைக் கடந்தால் தென்கரை. அங்கிருந்து ஹமர்ஸ்மித் பாலத்துக்கு மரங்களுக்குக் கீழே மூன்று கிலோமீற்றர் நடைபாதை. தேம்ஸ் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஆறு; அன்று வற்றிக் கிடந்தது. சேற்றில் நாரையொன்று நின்றது.

கரையில் காத்து நின்ற நிமாலின் தலை முழுக்க நரைத்திருந்தது. இடது புருவத்துத் தழும்பு மட்டும் அப்படியே. உணவக நாட்களில் ஓரிரவு வேலை முடிந்து வரும்போது மொட்டையடித்த வெள்ளைப் பொடியன்கள், பாகிஸ்தானியரைத் திட்டும் "பாக்கி" என்ற சொல்லைக் கத்திக்கொண்டு எங்களைத் துரத்தினார்கள். எனக்கு எறிந்த போத்தல் அவனில் பட்டது. ஆற்றுப் படிகளில் இறங்கி, முழங்கால்வரை சேற்றில் ஒளிந்து நின்றோம்.

"ஆர் தமிழ், ஆர் சிங்களம் எண்டு அவங்கள் கேக்கேல்லையே, மச்சான்" என்று இப்போது அதை நினைத்துச் சிரித்தான்.

அதே படிகளில் ஒரு கறுப்பினப் பெண்ணும் வெள்ளையினப் பெண்ணும் ஒரே படகைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நிமால் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எங்கட நாடும் இப்பிடி மாறுமா?"

"தம்பி எங்கையெண்டு தெரியாமல் அதைப் பற்றிக் கதைக்க என்னால ஏலாது."

படிகளைக் கடந்து நடந்தோம். பிறகு சொன்னான்: "டிசம்பரில ஊருக்குப் போறன். தம்பியின்ட படம் தா. வவுனியா அகதி முகாமில தேடுறன். உன்னை மறிப்பாங்கள், என்னை விடுவாங்கள்."

பேர்ஸிலிருந்த படத்தைக் கொடுத்தேன்.

இந்தப் பாதையில் போக விரும்புகிறவர்கள் தண்ணீர் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். பெருக்கில் கரைத்தெருவிலேயே ஆறு ஏறிவிடும். பழைய சப்பாத்துப் போடுங்கள். மனத்தாங்கலோடு பிரிந்த யாரும் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். நடக்கும்போது முகம் பார்க்காமல் கதைக்கலாம்.

போன கிழமை வவுனியாவிலிருந்து அழைப்பு வந்தது. நிமாலின் குரல் இல்லை, ஒரு பெண்பிள்ளையின் குரல்.

"பெரியப்பா, அப்பா முகாமுக்கு எங்களோட வரேல்லை. நானும் அம்மாவும் இருக்கிறம்." பிறகு, "அழாதேங்கோ பெரியப்பா, நிமால் மாமா பக்கத்தில நிக்கிறார்."