பேசிக்கொண்டே தைத்த மேரி

தலைசுற்றலுக்காகப் போன வாரம் டாக்டரிடம் போயிருந்தேன். மேஜைமேல் பிளாஸ்டிக் மூளை ஒன்று வைத்திருந்தார். நான் அதையே பார்ப்பதைக் கண்டு பாடமே நடத்திவிட்டார். யோசிப்பது நெற்றிக்குப் பின்னால். பேச்சு பெரும்பாலும் இடப்பக்கம். மூச்சும் இதயத்துடிப்பும் அடியில் இருக்கிற தண்டின் பொறுப்பு. "கை ஒரு வேலையப் பழகற வரைக்கும் நெத்திப் பக்கம் ரொம்ப மெனக்கெடணும்மா. பழகிட்டா பின்னாடி இருக்கற சிறுமூளையெல்லாம் பார்த்துக்கும். நாம ஊர்க்கதை பேசலாம்" என்றார்.

எனக்கு மேரி நினைவு வந்தது. கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது. அதற்கு மூளையில் எந்த இடம் என்று கேட்க விட்டுப்போயிற்று.

தொண்ணூறுகளின் தொடக்கம். மெஷின் எண்ணெயும் புதுத்துணியும் மணக்கிற பனியன் கம்பெனி ஒன்றில், துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷின் அடிக்கச் சேர்ந்தேன். எனக்குப் பக்கத்தில் பானு அக்கா, அவளுக்கு அந்தப் பக்கம் மேரி அக்கா. சேர்ந்த அன்றே பானு தன் டிபனில் பாதியை எனக்குத் தந்தாள். அவளோடு சிநேகமாகிவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. ஆனால் வாயைத் திறந்தால் என் தையல் கோணிக்கொண்டு ஓடும். மேரியோ பானுவின் முகத்தைப் பார்த்தபடியே சோமனூர் அத்தை வீட்டுச் சண்டை முழுவதையும் சொல்லுவாள். கை அது பாட்டுக்குத் தைத்துத் தள்ளிக்கொண்டிருக்கும். பானு சிரிப்பாள். ஒவ்வொரு சிரிப்பும் என்னிடமிருந்து பிடுங்கியதாகவே எனக்குத் தோன்றும்.

ஒருநாள் வீம்புக்கு நானும் ஆரம்பித்தேன். "ஏனுங்க்கா, எங்கூட்டு எருமை நேத்து என்ன பண்ணுச்சுன்னா..." எருமை எதுவும் செய்வதற்குள் ஊசி என் ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. பானுதான் வேஸ்ட் துணி சுற்றிக் கட்டினாள். "நீ பேசாமத் தையி கண்ணு. உனக்கு ரெண்டும் ஒண்ணா வராது" என்று அன்பாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மேரி பக்கம் திரும்பி, "அப்பறம், உங்கத்தை என்ன சொன்னாங்க?" என்றாள். விரலைவிட அதுதான் வலித்தது.

என் கை பழக எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் பானுவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆறே நாள் பேசினேன். ஏழாம் நாள் அவள் வரவில்லை.

அந்தக் கம்பெனியை இடித்து இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். மற்ற கம்பெனிகளில் இப்போது தைக்கிற பிள்ளைகள் காதில் ஆளுக்கொரு பாட்டு. பக்கத்து மெஷினில் இருப்பவளோடு பேச யாரும் விரலைக் குத்திக்கொள்வதில்லை.

போன மாதம் சந்தையில் மேரியைப் பார்த்தேன். பானுவோடு வாரம் தவறாமல் போனில் பேசுகிறாளாம். "நம்பர் வேணுமா கண்ணு?" என்றாள்.

"எங்கிட்டயும் இருக்குதுங்க்கா" என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.