விரிப்பில் விழுந்த மலை

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் கைபேசியில் குறும்படம் எடுத்தபோது நான் கொடுத்தது ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்புதான். வெளிச்சத்தை முகத்தில் திருப்ப அதைப் பிடித்துக்கொண்டு நானே மலையில் நின்றேன். கை கடுத்தது. நடித்த அக்கா நிஜமாகவே கொழுந்து பறிப்பவர். திரும்ப எடுக்கலாம் என்றால், "பறிச்ச செடியில திரும்ப என்னத்தங்க பறிக்கிறது?" என்று அடுத்த செடிக்குப் போய்விடுவார். நாங்களும் பின்னாலேயே ஏறினோம். உச்சியில் பனிமூட்டம் எல்லாரையும் மூடியது. கொழுந்து ஒடியும் சத்தம் மட்டும் கேட்டது.

அதே விரிப்பை எங்கள் வரிசை வீடுகளான லயத்துச் சுவரில் கட்டி, இரவல் புரொஜெக்டரில் படத்தைக் காட்டினார்கள். திரையில் மூட்டம் விலகியதும் அக்கா எழுந்து போய்த் துணியைத் தொட்டார். "இந்தக் கொழுந்த விட்டுட்டேனே," என்றார். புரொஜெக்டர் வெளிச்சத்தில், கூடை இல்லாத அவர் முதுகில் தேயிலை அசைந்துகொண்டிருந்தது.