காசிம் பாயின் கடைவாய்ப் பல்

பல் ஆஸ்பத்திரி வேலைன்னா, அழுதுக்கிட்டு வர்றவங்களை வாயைத் திறக்கச் சொல்றதும், திறந்த வாயோட அவங்க பதில் சொல்ல முடியாம முழிக்கிறப்ப நாம பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கிறதும்தான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்துல, ஒரு மாடியில, பல் டாக்டர் ஒருத்தர்கிட்ட நான் நர்ஸா இருந்தேன். தொண்ணூறுகள்ல சேர்ந்தவ, ரெண்டாயிரம் பொறந்து பல வருஷம் வரைக்கும் அங்கதான் கிடந்தேன். பேரு ரெஜினா. வர்றவங்களுக்கு நான் சிஸ்டர், இல்லாட்டி அக்கா. எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி, கோவமும் ஜாஸ்தி. கடைவாய்ப் பல்லு குத்திக் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்த புண்ணியவான்கள் யாராவது இதைப் படிச்சா நான் சொல்றது புரியும். மத்தவங்க குடுத்து வச்சவங்க.

பதம் பார்க்கிற பல்லு

காசிம் பாய் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குற மாஸ்டர். தாடையைச் சுத்தித் துண்டைக் கட்டிக்கிட்டு, வீட்டுக்காரம்மா பாத்துமுத்தையும் கூட்டிக்கிட்டு மாடியேறி வந்தாரு. பன்னீர்ப் புகையிலையைக் கன்னத்துல அடக்கி அடக்கியே ஈறு கரைஞ்சு, கடைவாய்ப் பல்லெல்லாம் ஒவ்வொண்ணா விழுந்திருந்துச்சு. வலது பக்கம் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, அந்த ஒரு ஜோடிதான் மிச்சம். அதுலயும் சீழ் வச்சு, விரலால தொட்டா ஆடுது. "ரெண்டையும் எடுத்துரணும் பாய்"னு டாக்டர் சொன்னதுதான் தாமசம், மனுஷன் நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டாரு.

அவரு பயந்தது ஊசிக்கு இல்லை. பிரியாணியில கறி முக்கால் வேக்காட்டுல இருக்கிறப்ப அரிசியைப் போடணுமாம். முந்திப் போட்டா கறி வேகாது, பிந்திப் போட்டா தம்முல கரைஞ்சு நாராப் போயிரும். மத்த மாஸ்டருங்க கறித் துண்டை விரலால பிதுக்கிப் பதம் பார்ப்பாங்க. பாய் மட்டும் கடைவாயில வச்சு ஒரே ஒரு கடி. அந்தக் கடியில அவருக்கு எல்லாம் தெரிஞ்சிரும். சின்ன வயசுல இருந்து அப்படியே பழகிட்டாரு, வேற வழி அவருக்குத் தெரியாது. டாக்டரும் பாத்துமுத்தும் மன்றாடி, தாடைக்கே ஆபத்துன்னு சொல்லி ஒருவழியா உக்கார வச்சாங்க. எடுத்து முடிச்சதும், கடிச்சுக்கிட்டிருந்த பஞ்சைத் துப்பிட்டு எங்கிட்டச் சொன்னாரு: "என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கியிருந்தாக்கூட இம்புட்டு வலிச்சிருக்காது சிஸ்டர்."

செட்டு

அந்தக் காலத்துல எங்க ஊர்ல பல்லு போச்சுன்னா செட்டுத்தான். கழட்டலாம், மாட்டலாம், தும்முனா பறக்கும். பாய்க்கும் ஒரு செட்டு செஞ்சு குடுத்தோம். அண்ணத்தை மூடிக்கிட்டு உக்காந்திருக்கிற அந்தத் தகட்டோட கறியைக் கடிச்சா, செருப்புப் போட்டுக்கிட்டு மண்ணு சூடா இருக்கான்னு பார்க்கிற மாதிரி இருக்குன்னாரு. பழகிரும் பாய்னு நாங்க சொன்னோம். எங்க தொழில்ல எல்லாத்துக்கும் அந்த ஒரு வார்த்தைதான் வச்சிருக்கோம்.

சித்தையன்கோட்டையில ஒரு நிக்காஹ். செட்டைப் போட்டுக்கிட்டே பதம் பார்த்து, பதம் வந்துருச்சுன்னு நினைச்சு அரிசியைக் கொட்டிட்டாரு. மூடியைத் திறந்தா சோறு பூவா இருக்கு, கறி இழுத்தா வரலை. பந்தியில யாரும் சண்டை போடலையாம். சண்டை போட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். கை கழுவ வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரு ஒருத்தர் இவரு தோள்ல கையைப் போட்டுச் சொல்லிட்டுப் போனதைப் பாய் எங்கிட்ட அப்படியே ஒப்பிச்சாரு: "மாஸ்டரு, மசாலா அருமை. ஆட்டுக்குத்தான் இன்னும் உசுரு போகலை."

கறைப் பல்லு

குஜிலியம்பாறைப் பக்கம் சில ஊர்கள்ல போர் தண்ணியைக் குடிச்சு வளர்ற பிள்ளைகளுக்குப் பல்லுல பழுப்புப் பழுப்பாக் கறை விழும். என்ன தேய்ச்சாலும் போகாது. அந்தப் பக்கத்து அப்பா ஒருத்தர் மகளைக் கூட்டிக்கிட்டு வந்து, "முன்பல்லு நாலையும் எடுத்துட்டு வெள்ளையா வச்சு விடுங்க, பொண்ணு பார்க்க வாராக"ன்னாரு. ஆட்டமில்லாத, சொத்தையில்லாத பல்லு. டாக்டர் முடியவே முடியாதுன்னுட்டாரு. நானும் என் பங்குக்குக் கத்தினேன். கறை மேல பூச்சுப் பூசிரலாம்னு சொல்லிப் பார்த்தோம். "தாலி கட்டுற நேரத்துல பூச்சு உதிர்ந்தா நீங்களா வருவீக"ன்னு கேட்டுட்டு, பிள்ளையை இழுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

வேற எங்கயோ எடுத்துட்டாங்க. கல்யாணம் முடிஞ்சு சில மாசத்துல அந்தப் பிள்ளை மட்டும் தனியா வந்துச்சு. செட்டு உராஞ்சு ஈறெல்லாம் புண்ணு, தொட்டா ரத்தம். ராத்திரியில கழட்டித் தண்ணியில போட்டு வையிம்மா, ஈறு ஆறட்டும்னு சொன்னேன். அது கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டுச் சொல்லுச்சு: "கழட்ட முடியாதுக்கா. அவுக இதை என் பல்லுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்காக."

டம்ளர்

எங்க மாதா கோயில் பங்கைச் சேர்ந்த வாத்தியார் ஒருத்தர், ரிட்டயர் ஆனவரு, தூக்கத்துலயே போயிட்டாரு. அழுகையிலயும் அவசரத்துலயும் யாருக்கும் ஞாபகம் வரலை. பெட்டியில வச்சு, பூசை முடிஞ்சு, கல்லறையில இறக்கிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தா கட்டில் பக்கத்துல டம்ளர்த் தண்ணியில அவரு செட்டு. மறுநாள் அவரு மக அந்த டம்ளரைக் கைக்குட்டையால மூடி எங்ககிட்டக் கொண்டாந்துச்சு. இதை என்ன செய்யறதுன்னு கேட்டுச்சு. அப்புறம் அதுவே சொல்லுச்சு: "பல்லு இல்லாம யார் முன்னாடியும் வர மாட்டாரு சிஸ்டர். ஆண்டவர் முன்னாடி வாயைப் பொத்திக்கிட்டுல்ல நிப்பாரு."

திருகு

ரெண்டாயிரம் பொறந்த பிறகு எங்க டாக்டர் சென்னைக்குப் போய் இம்ப்ளாண்ட் வைக்கப் படிச்சுட்டு வந்தாரு. தாடை எலும்புல துளை போட்டு ஒரு சின்னத் திருகை இறக்கணும். எலும்பு அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிற வரைக்கும் மாசக்கணக்காக் காத்திருக்கணும். அப்புறம் அது மேல பல்லை மாட்டினா ஆடாது, அசையாது, கழட்ட வேண்டியதில்லை. கேட்டதும் எனக்குக் காசிம் பாய் ஞாபகம்தான். சொல்லி விட்டேன். அப்ப அவரு மச்சான் மாஸ்டரா நின்னு பதம் பார்க்க, இவரு பந்தலுக்குப் பின்னாடி உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாரு.

வந்தவருக்கு ஒரு சந்தேகம். தொழுகைக்கு முந்தி கை, கால், மொகம் கழுவி ஒளூ செய்யறப்ப வாயும் கொப்பளிக்கணுமே, கழட்ட முடியாத பல்லு இருந்தா ஒளூ கூடுமான்னு. பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டப் போய்க் கேட்டு, தாராளமாக் கூடும்னு சொன்ன பிறகுதான் நாற்காலியில சாஞ்சாரு. புகையிலையை விடணும்னு டாக்டர் சொன்னாரு, அன்னிக்கே விட்டாரு. வலது பக்கம் மேலயும் கீழயும் திருகு இறக்கினோம். அதுக்கப்புறம் டவுனுக்கு வர்றப்பெல்லாம் மாடியேறி வந்து வாயைத் திறந்து காட்டுவாரு. "எலும்பு பிடிக்கட்டும் பாய், அவசரப்படாதீங்க"ன்னு நான் ஒரு நாள் எரிஞ்சு விழுந்தேன். அவரு கோவிச்சுக்கலை: "முந்தித் திறந்தா தம்மு போயிரும்னு ஊருக்கெல்லாம் சொல்றவனே நான்தானே, இருக்கேன் சிஸ்டர்."

முதல் கடி

பல்லு மாட்டின அன்னிக்குப் பாத்துமுத்து ரெண்டு டிபன் டப்பா கொண்டாந்துச்சு. ஒண்ணுல முக்கால் வேக்காட்டுக் கறி, இன்னொண்ணுல முழுசா வெந்த கறி. விடியறதுக்குள்ள எந்திரிச்சு அவரே ஆக்கினதாம். ஆஸ்பத்திரி மருந்து வாடையையும் மீறிக்கிட்டுப் பட்டையும் ஏலமும் மணக்குது. எனக்கே ஒரு சந்தோஷம், டாக்டருக்கும் தாங்கலை. பாய் கண்ணை மூடிக்கிட்டு ஒரு துண்டைக் கடிச்சாரு. அடுத்த டப்பாவுல ஒண்ணு. மறுபடி முதல் டப்பா. ஆட்டமில்லை, வலியில்லை, பல்லு பாட்டுக்குக் கடிக்குது. அவரு மொகம் மட்டும் சுருங்கிக்கிட்டே போச்சு.

சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு இருக்காம். எது மெத்துன்னு இருக்கு, எது கடிசுன்னு சொல்றது அதுதானாம். திருகுக்கு அது கிடையாது, நேரா எலும்புல நிக்கும். மத்தவங்க யாரும் இதை ஒரு குறையாச் சொன்னதே இல்லை, நல்லா மென்னு தின்னுட்டுப் போயிருவாங்க. டாக்டர் இதையெல்லாம் விளக்கிட்டு, போகப் போகப் பழகும் பாய்னாரு. பாய் டப்பாவை மூடிப் பாத்துமுத்து கையில குடுத்துட்டுச் சொன்னாரு: "பல்லு நல்லாக் கடிக்குது டாக்டரய்யா. என்னத்தைக் கடிக்குதுன்னுதான் எனக்குத் தெரிய மாட்டேங்குது."

பாத்துமுத்து

அப்புறம் பாயை நான் பார்க்கலை. ஒரு நாள் பாத்துமுத்து மட்டும் தனியா வந்துச்சு, ஒரு பக்கக் கன்னம் வீங்கிப் போயி. கடைவாய்ப் பல்லுல வேர் வரைக்கும் சொத்தை. எடுத்துரலாம்மான்னு டாக்டர் சொன்னாரு. அது முந்தானையால வாயைப் பொத்திக்கிச்சு. "வலியில துடிக்கிறீக, அப்புறம் என்னத்துக்கு வீம்பு"ன்னு நான் சத்தம் போட்டேன். அதுக்குப் பிறகுதான் மெதுவா விஷயத்தைச் சொல்லுச்சு.

பாய்க்குப் பழகலை. கல்யாண வேலைக்குப் போறதையே விட்டுட்டாரு. ஆனா வீட்டுல கறி எடுத்தா அடுப்புல வேற யாரையும் விடுறதில்லை. பழைய மாதிரியே ஒரு துண்டை எடுத்துக் கடிப்பாரு. கடிச்சுட்டுப் பாத்துமுத்து மொகத்தைப் பார்ப்பாரு. அது ஒரு துண்டைக் கடிச்சுப் பார்த்து, "இப்பப் போடுங்க"ன்னு சொன்னாத்தான் அரிசியைப் போடுவாரு. டாக்டர், "பயப்படாதீங்கம்மா, உங்களுக்கும் திருகு வச்சுப் பல்லு கட்டிரலாம்"னு சமாதானம் சொன்னாரு. பாத்துமுத்து நாற்காலியை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடிக்கிட்டே சொல்லுச்சு: "வலிச்சா வலிச்சுட்டுப் போகுது, இருக்கட்டுங்க. இந்தப் பல்லும் போயிட்டா எங்க ரெண்டு பேருக்கும் யாரு சொல்றது?"

வாயைத் திறந்த உடனே எந்தப் பல்லு இல்லைன்னு கண்டுபிடிச்சிருவோம், அதோட சேர்ந்து வேற என்ன போச்சுன்னு அவங்க சொல்ல வர்றதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவோம், அம்புட்டுத்தான் எங்க உத்தியோகம்.